ஒற்றைத் தலைவலி: வலிக்கு முன்பே தொடங்கும் கதை

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளைச் செல்கள் எளிதில் கிளர்ச்சியடைபவை. ஒரே வெளிச்சம், ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் மற்றவர்களின் மூளை பழகிவிடும். இவர்களில் பலருடைய மூளை வலியில்லாத நாளிலும் அப்படிப் பழகுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் ஏன் என்று புரியும்.

செய்ய வேண்டியவை

• தூக்கம், சாப்பாடு இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதே நேரம். தூக்கம் கெட்டாலும் பட்டினி கிடந்தாலும் இந்த மூளை தாங்காது.

• படிக்கும்போது எழுத்துகளுக்கு நடுவே ஒரு மினுமினுப்பு தோன்றி, கோணல்மாணல் கோடாக விரிந்து, அரைமணி நேரத்துக்குள் பார்வையின் ஓரத்தில் மறைகிறதா? தொடங்கிய நேரத்தையும் மறைந்த நேரத்தையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வண்டி ஓட்டினால் உடனே ஓரங்கட்டுங்கள். 1941-ல் கார்ல் லாஷ்லி என்ற ஆய்வாளர் தன் கண்முன் நகர்ந்த இந்தக் கோட்டை வரைந்து பார்த்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கணக்கிட்டார். 1944-ல் பிரேசில்காரரான அரிஸ்டிடிஸ் லியாவ் முயலின் மூளையில் அப்படி ஓர் அலையைப் பதிவுசெய்தார்: செல்கள் ஒருகணம் கொந்தளித்து, பிறகு சில நிமிடங்கள் ஓய்ந்துபோகின்றன.

• மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை வலி லேசாக இருக்கும்போதே போடுங்கள். தலை சீவினாலே வலிக்கும் நிலைக்குப் போய்விட்டால் மாத்திரை சரியாகக் கேட்பதில்லை.

செய்யக்கூடாதவை

• வலி மாத்திரையை வழக்கமாக்காதீர்கள். பாராசிட்டமால் மாதத்தில் 15 நாள், மைக்ரேனுக்கான டிரிப்டான் வகை மாத்திரை 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

• ‘வலிப்புக்கான மருந்தை எழுதிவிட்டாரே’ என்று பயந்து டோபிராமேட்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். செல்களின் கிளர்ச்சியைத் தணிக்கத்தான் அது. ஆனால் கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்கள் அந்த வாய்ப்பை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். டோபிராமேட் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து.

• சாக்லேட்டைச் சட்டென்று குற்றம் சொல்லாதீர்கள். இனிப்பு மேல் திடீர் ஆசை, ஓயாத கொட்டாவி ஆகியவை பல சமயம் தாக்குதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டதன் அடையாளம்.

• வெளிச்சம் கூசுகிறது என்று ஒரு பிள்ளை முகத்தை மூடிக்கொண்டால் நடிப்பு என்று தயவுசெய்து திட்டாதீர்கள். அறையை இருட்டாக்கிக் கொடுங்கள்.

• நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரெனக் கை கால் தளர்வது, பேச்சுக் குழறல் — இவற்றை ‘வழக்கமான மைக்ரேன்தான்’ என்று படுத்துத் தூங்கிக் கழிக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.