தோட்டப் பாடசாலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு

நியமனக் கடிதம் கைக்கு வந்த கிழமையே இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று விசாரிக்கிற வழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வீடு கண்டியிலும் வேலை ரங்களை மலையிலும் என்றால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், அங்கே இருக்கும் மட்டும் எப்படி இருக்கலாம் என்று சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. போகுமுன் அந்த மண்ணின் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர இந்தக் கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்ற சட்டம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பல தோட்டங்களில் அந்தப் பள்ளி என்பது ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், அவ்வளவுதான். 1945-இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. மூன்று வருடத்தில் தோட்டத்து மக்களின் குடியுரிமையும் பறிபோயிற்று. அரசாங்கம் இந்தப் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977-இல், அதுவும் கட்டம் கட்டமாக. தேயிலை வந்ததற்கும் அரசுப் பாடசாலை வந்ததற்கும் இடையில் 110 வருடம். அந்த இடைவெளியில், அரசை எதிர்பார்த்துக் காத்திராமல் புசல்லாவையில் சரஸ்வதி பாடசாலையை எழுப்பிய கே. இராஜலிங்கம் போன்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், போன முதல் மாதத்திலேயே ஆசிரியர் அறையில் ஒருவர் சொல்வார்: “இதுகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை சேர்.” பிள்ளையின் பாட்டி கைநாட்டு வைக்கிறாள் என்றால் அது பாட்டியின் அக்கறையின்மை இல்லை. அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட வேண்டாம்.

2. பாடத்திட்டத்தைப் படிக்குமுன் வரவு இடாப்பைப் படியுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் பாதி அதில்தான் இருக்கிறது. போன வருட இடாப்பை அதிபரிடம் கேட்டு வாங்கி, ஒரு பின்னேரம் ஆறுதலாக இருந்து பாருங்கள். வராத நாட்கள் கண்டபடி சிதறிக் கிடக்காது, அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும். சம்பளம் பத்தாம் திகதி என்றால் அதற்கு முந்திய கிழமையில் வரவு இறங்கும், கடைக் கணக்கு நிரம்பி வீட்டில் மா முடிகிற கிழமை அது. கொழுந்து கூடிய மாதங்களில் அம்மா விடியப் பெரட்டுக்குப் போய்விடுவாள், தலை வாரிவிட ஆள் இல்லாத சின்னப் பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒரு நாள் வராவிட்டால், கைக்குழந்தையோடு நிற்பது தரம் 7 படிக்கிற அக்காள்தான். அன்றைக்கு உங்கள் இடாப்பில் அவளுக்கு ஒரு பூச்சியம் விழும். காமன் கூத்து நடக்கிற மாசி, பங்குனியில் காலைப் பாடவேளை முழுக்கக் கொட்டாவி கேட்கும். அதற்குக் கோபிக்காமல், இரவு என்ன பாடினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். கட்டுரை எழுதத் தெரியாது என்று நீங்கள் முடிவு கட்டிய பையன் இரண்டு பக்கம் எழுதித் தருவான்.

ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் பாடத்தை அதற்கு ஏற்றபடி வைக்கலாம். வரவு குறைகிற கிழமையில் பின்னத்தைத் தொடங்காதீர்கள். அந்தக் கிழமையைத் திருப்பிப் படிப்பதற்கு விடுங்கள். தரம் 4-இல் பின்னம் நடந்த மூன்று நாளைத் தவறவிட்ட பிள்ளை, சாதாரண தரக் கணித வினாத்தாள் வரைக்கும் அதைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கும்.

3. பசி. 2019-ஆம் ஆண்டு உத்தியோகபூர்வக் கணக்கின்படி நாடு முழுவதும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 100-க்கு 14.3. தோட்டப்புறத்தில் அது 33.8. அதற்குப் பிறகுதான் கொரோனாவும் 2022 நெருக்கடியும் வந்தன. காலையில் பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டு வருகிற பிள்ளைக்குப் பத்து மணிக்குமேல் எழுத்து கண்ணில் நிற்காது. ஆகவே கடினமான பாடத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள், நேரசூசியை அதிபரோடு பேசி மாற்றலாம். தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில் பகலுணவாகத் தொடங்கிய பள்ளிச் சாப்பாடு 2022-இல் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவாகவும் வளர்ந்திருக்கிறது. இங்கேயும் ஆரம்பப் பிரிவுக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள். சமைக்கிற தாய்மாருக்குக் காசு பிந்தினால் பானையும் பிந்தும். அந்த விஷயத்தில் வலயப் பணிமனைக்குக் கடிதம் எழுதுவது உங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

4. மழைக்காலத்தில் வெள்ளைச் சட்டையில் புகை மணக்கும். 1993 முதல் சீருடைத் துணி இலவசம்தான், ஆனால் பல வீடுகளில் பாவிக்கக்கூடியது ஒரே ஒரு சட்டை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில் அது காய்கிற ஒரே இடம் அடுப்புக்கு மேலே கட்டிய கொடி. கழுத்துப்பட்டி மஞ்சளாகவும் கைமடிப்பு ஈரமாகவும் இருக்கும். வகுப்பின் முன்னால் நிறுத்தி அதைக் கேட்டீர்களானால் நாளைக்கு அந்தப் பிள்ளை வராது. நாளன்றைக்கும் வராது.

5. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய இரண்டு பிள்ளைகளின் படத்தைப் பதாகையில் போட்டுச் சந்தியில் கட்டுகிறோம். அதே வகுப்பில் மீதிப் பதினெட்டுப் பிள்ளைகள் அந்தப் பதாகைக்குக் கீழே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். பத்து வயதில் ஊரறியத் தோற்றவர்கள். தேறிய இரண்டு பேரும் கண்டிக்கோ கம்பளைக்கோ போய்விடுவார்கள். போகட்டும், நல்லது. அவர்களுக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. மீதிப் பதினெட்டுக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. தோட்டத்தில் பல பாடசாலைகள் தரம் 5-ஓடு முடிந்துவிடும். ஆறாம் தரத்துக்கு அடுத்த மலைக்கோ டவுனுக்கோ போக வேண்டும். பஸ் காசு, புதுச் சப்பாத்து, தெரியாத முகங்கள் எல்லாம் ஒரேயடியாக வரும். 16 வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016-இல் சட்டம் போட்டாகிவிட்டது. பிள்ளை எந்த இடத்தில் நழுவுகிறது என்று சட்டம் பார்த்துக்கொண்டிருக்காது, நாம்தான் பார்க்க வேண்டும். தரம் 5 முடித்தவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். புதிய வருடம் தொடங்கி இரண்டாம் கிழமை, அந்த மற்றப் பாடசாலைக்கு நீங்களே போய், ஆறாம் தர இடாப்பில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். காணாத பெயர்களின் வீட்டுக்கு அன்றைக்கே போங்கள். ஒரு மாதம் கழிந்தால் அந்தப் பிள்ளை திரும்ப வருவது கஷ்டம். அடுத்த கிழமை போகலாம் என்று நினைக்கிற ஆசிரியர் போகப் போவதில்லை.

6. “இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும்” என்ற சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. அது இரக்கம் மாதிரித்தான் ஒலிக்கும். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் பெரிய ஆய்வு ஒன்றைச் செய்து, பிள்ளையின் படிப்பில் பாடசாலையின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்று எழுதினார். அதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாம் செய்ய ஒன்றுமில்லை என்று கதிரையில் சாய்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஆய்வு எதிர்ப்பக்கமாகத்தான் பேசுகிறது. வீட்டில் புத்தகமும் மேசையும் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளும் இருக்கிற பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் ஒரு மேலதிகம். அவை எதுவும் இல்லாத பிள்ளைக்கு முழுப் படிப்புமே நீங்கள்தான்.

ஆகவே வீட்டுப்பாடத்தைக் கூடிய மட்டும் பாடசாலையிலேயே முடிக்க வையுங்கள். ஒரே காம்பராவில் அடுப்பும் டீவியும் தாத்தாவின் இருமலும் இருக்கும்போது வாக்கியம் அமைக்க முடியாது.

7. இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துப் படிப்பிக்க நேரும். பயப்பட வேண்டாம். பெரியவர்கள் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

8. விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்த பிறகு மலையகத்திலிருந்தே ஆசிரியர்கள் உருவானார்கள். அது பெரிய காரியம். இருந்தும் உயர்தரத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் படிக்கப் பிள்ளை எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும், நீங்களும் அப்படிப் போனவர்களாகத்தான் இருப்பீர்கள். பல பிள்ளைகள் கலைப்பிரிவை எடுப்பது விருப்பத்தால் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்துப் பாடசாலையில் இருப்பது அதுதான். தரம் 9-இலேயே யாருக்கு எது கைவரும் என்று பார்த்து, எந்தப் பாடசாலையில் அந்தப் பிரிவு இருக்கிறது, விடுதி உண்டா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். ஆய்வுகூடம் இல்லை என்று ஒரு தவணையை ஓட்டிவிட வேண்டாம். கீழே ஸ்டோரில் தேயிலை வாடுவதும் நொதிப்பதும் காய்வதும் நாள்தோறும் நடக்கிறது. அனுமதி கேட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆவியாதலும் ஒட்சியேற்றமும் அங்கே மணத்தோடு இருக்கின்றன.

9. பெற்றார் கூட்டத்தைக் கிழமை நாளில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை. நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபா ஆனது, 2024-இல் 1,350. பத்து மணிக்கு உங்களிடம் வருகிற அம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம், சில நேரம் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் வையுங்கள். அல்லது பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு. முதல் கூட்டத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயமாவது சொல்லுங்கள். பாடசாலையில் இருந்து ஆள் அனுப்பினால் திட்டு வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தே பழகியவர்கள் அவர்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் காசு சேர்க்கும்போது பெயர்ப்பட்டியலைச் சுவரில் ஒட்டாதீர்கள்.

10. தரம் 8, 9-இல் ஒரு பிள்ளை திடீரென்று நின்றால், “கொழும்புக்குப் போயிற்று” என்று மற்றப் பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்வார்கள். ஆண் பிள்ளை கடைக்கு, பெண் பிள்ளை வீட்டு வேலைக்கு. 2021 யூலையில் டயகமவிலிருந்து அப்படிப் போன சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு இறந்தபோது நாடு முழுக்கப் பேசிற்று. பிறகு பேச்சு நின்றது, போவது நிற்கவில்லை. அம்மா மத்திய கிழக்குக்குப் போன வீடு, அப்பா குடிக்கிற வீடு, கடன் ஏறிய வீடு எவை என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரின் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும்.

11. டவுனுக்குள் நியமனம் கிடைத்தவர்கள் தப்பித்தோம் என்று நினைக்கலாம். மஹியாவைக்குப் போய்ப் பாருங்கள். கண்டி மாநகரைத் தலைமுறைகளாகக் கூட்டித் துப்பரவாக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பேர்பெற்ற பாடசாலைகளின் மணி காதில் விழுகிற தூரம். ஆனால் முதலாம் தர அனுமதியில் அருகில் வசிப்பவர்களுக்கு ஒதுக்கிய இடங்களுக்குப் புள்ளி போடும்போது வீட்டு உறுதி கேட்பார்கள். பரம்பரையாக வாழ்ந்தும் உறுதி இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீடும் தூரம்தான். லயனில் இருப்பவருக்கும் இதே கதை. இந்தப் பிள்ளைகளுக்கு வறுமையோடு இன்னொரு சுமையும் உண்டு: அப்பாவின் தொழிலைச் சொல்லி வகுப்பில் கேலி செய்வார்கள். அதை முதல் நாளே நிறுத்துங்கள், கடுமையாகவே நிறுத்துங்கள். மற்ற எல்லாவற்றிலும் பொறுமையாக இருக்கச் சொல்கிற நான் இதில் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

12. மண்சரிவு எச்சரிக்கையைக் கவனியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் கண்டி மாவட்டம் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டோம். மழை பிடித்தால் எந்தப் பிள்ளை எந்த ஓடையைத் தாண்டி வருகிறது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

13. கடைசியாகக் காகிதம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை இன்னும் இருக்கிறது. இருந்தாலும் பெயர் பிழையாக இருக்கும். சிங்களத்தில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். இடாப்பில் அப்பாவின் பெயர் ஒரு விதம், சான்றிதழில் வேறு விதம், அவருடைய அடையாள அட்டையில் மூன்றாவது விதம். 15 வயதில் பாடசாலை மூலம் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது வெளிவரும். அப்போது சாதாரண தரப் பரீட்சை தலைக்கு மேல் நிற்கும், அப்பா வேலையை விட்டுவிட்டுக் கச்சேரிக்கும் பதிவாளரிடமும் அலைவார். அங்கே படிவம் சிங்களத்தில் இருக்கும். முதலாம் தரத்தில் சேரும்போதே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் திருத்தத்துக்கான படிவத்தை நீங்களே நிரப்பி, அப்பாவிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு பிரதியைப் பாடசாலைக் கோவையில் போட்டு வையுங்கள்.