கழிவெல்லாம் செலவு இல்லை



சம்பளச் சிட்டை கைக்கு வந்ததும் நாம் பார்ப்பது கடைசி வரியைத்தான். "என்னத்தையோ வெட்டிட்டாங்க" என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம். வெட்டியது எது, எங்கே போனது என்று பார்ப்பதே இம்மாதப் பாடம்.

எந்தக் கணக்குக்கும் இரண்டு பக்கம் உண்டு. சிட்டையில் ஒரு பக்கம் வரவு. அது நீங்கள் வேலை செய்த பேருக்கும், கூடுதலாக எடுத்த கொழுந்துக்கும் உரிய காசு. மறுபக்கம் கழிவு. கழிவில் மூன்று வகை உண்டு.

1. கடன். தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் போன்றது. மாதம் எவ்வளவு கழிகிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

2. செலவு. சங்கச் சந்தா போன்றது. கொடுத்தால் திரும்பி வராது.

3. சேமிப்பு. இதுதான் ஊழியர் சேமலாப நிதி. வெட்டுப்பட்டாலும் இது உங்கள் காசுதான்.

1958ஆம் ஆண்டின் சட்டப்படி, சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபா கழியும். தோட்ட நிர்வாகம் தன் பங்காக 12 ரூபா போட வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளம் 20,000 ரூபா என்று வைப்போம். உங்கள் பங்கு 1,600. நிர்வாகத்தின் பங்கு 2,400. மொத்தம் 4,000 ரூபா. ஒரு வருஷத்தில் 48,000. அதற்கு வட்டியும் சேரும். இது போக, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் நூற்றுக்கு 3 போட வேண்டும். அதற்காக உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது.

இவ்வளவு காசும் யார் பெயரில் சேருகிறது? இங்கேதான் பலர் ஏமாந்து போகிறோம். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். செக்ரோலில் இருந்தது லயத்தில் கூப்பிடும் பெயர். அடையாள அட்டையில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட, சத்தியக் கடதாசியோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் காசு கிடைத்தது. ஆனால் அதை நம்பி நிச்சயித்த மகளின் கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்தது.

வேலையில் இருக்கும்போதே பிழையைத் திருத்துவது லேசு. நின்ற பிறகு அலைச்சல்தான்.

இம்மாத வீட்டு வேலை: படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். சிட்டை, அடையாள அட்டை, சேமலாப நிதிக் கணக்குக் கூற்று மூன்றையும் விரித்து வைத்து, பெயரும் இலக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று வாசிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் தோட்ட ஆபீஸில் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம், என்னிடம் வாருங்கள். சேர்ந்து எழுதுவோம்.

பழைய சிட்டைகளை அடுப்பு மூட்ட எடுக்காதீர்கள். அவைதான் உங்கள் உழைப்புக்குச் சாட்சி.