கீசர் சொட்டினால் அடைக்காதீர்கள்

நம்பிக்கை: வால்வில் தண்ணீர் சொட்டினால் அது பழுது, டம்மி போட்டு அடைத்துவிடலாம்.

குளியலறையில் இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை. கீசருக்குள் பச்சைத்தண்ணீர் போகும் வழியில் விரல் நீளத்துக்கு ஒரு வால்வு இருக்கும். அதன் பக்கவாட்டில் சின்ன மூக்கு, சொட்டுவது அதிலிருந்துதான். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ அரை லிட்டர் பெருகும். அது வந்த வழியே திரும்ப முடியாது. வெந்நீர் பின்னோக்கிப் போகாமலிருக்க அதே வால்வுக்குள் ஒருவழித் தடுப்பு இருக்கிறது. குழாய்களும் மூடியிருந்தால் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் 8 பாரை ஒட்டி வால்வு திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். சூடாகும்போது சொட்டி, பிறகு நின்றுவிட்டால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

ஸ்விட்ச் போடாத நேரத்திலும் விடாமல் சொட்டினால் கதை வேறு. உப்புத்தண்ணீர்ப் படிவு வால்வின் வாயில் சிக்கியிருக்கலாம், அல்லது பிரஷர் பம்ப் அளவுக்கு மீறித் தள்ளலாம். வால்வை மாற்றுங்கள், அழுத்தத்தைக் குறையுங்கள். அடைக்க மட்டும் வேண்டாம்.

நம்பிக்கை: எங்கள் வீட்டில் மாடித் தொட்டித் தண்ணீர்தான், அழுத்தமே கிடையாது.

10 மீட்டர் உயரத்துக்கு 1 பார்தான், உண்மை. ஆனால் கீசரைச் சோதிப்பது சூட்டில் பிறக்கும் அழுத்தம். அதற்கு மாடித் தொட்டி எத்தனை உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கே இல்லை. 3 லிட்டர் கீசருக்கும் இதே விதி.

நம்பிக்கை: தெர்மோஸ்டாட் இருக்கிறதே, போதாதா?

தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒருநாள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். அப்போது வால்வும் அடைபட்டிருந்தால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்துக்குள் அடங்கி நிற்கும். தொட்டி பிளக்கிற கணத்தில் அதில் ஒரு பங்கு சட்டென்று ஆவியாகும். தண்ணீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். குளியலறைச் சுவர் அதைத் தாங்காது.

நம்பிக்கை: மூக்கில் ஏதாவது ஒரு டியூபை மாட்டினால் சரி.

தோட்டத்து ஹோஸ் சூட்டில் இளகி, மடிந்து, தானே அடைப்பாகிவிடும். சாதாரண பி.வி.சி. 60 டிகிரியிலேயே வலுவிழக்கும். சி.பி.வி.சி. அல்லது செம்புக் குழாய் போடச் சொல்லுங்கள்; விட்டம் மூக்கைவிடக் குறையக் கூடாது. வழியில் திறந்து மூடும் குழாயோ கேட் வால்வோ கூடாது, எல்போ குறைவாக இருக்க வேண்டும், முழுத் தூரமும் சரிவு கீழ்நோக்கியே போக வேண்டும். முனையைத் தரை டிராப்புக்குச் சற்று மேலே, கீழ்நோக்கித் திறந்து விடுங்கள். "அசிங்கமாகத் தெரியுதே" என்று சுவருக்குள் புதைத்துக் கழிவுக் குழாயோடு ஒட்டிவிட்டால், வால்வு என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அன்றாடம் சொட்டுவது பெரும்பாலும் அவ்வளவு சூடாக இருக்காது. கோளாறு நாளில் வருவது கொதிநீரும் ஆவியும். 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், குழந்தைகளுக்கு இன்னும் விரைவாக. ஆகவே முனை ஆள் நின்று குளிக்கும் இடத்தைப் பார்த்து இருக்கக் கூடாது.

வால்வில் சிறு கைப்பிடி இருந்தால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்து, தண்ணீர் ஆறியபின் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பாய வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். பாயவில்லை என்றால், புது வால்வு போடும்வரை ஸ்விட்சைத் தொடாதீர்கள்.