ஏறும்போதா, இறங்கும்போதா?

மகனே, திங்கட்கிழமையிலிருந்து நீ கராஜுக்கு வருவதாக அம்மா சொன்னாள். ஹந்தானை ஏற்றத்தில் ஓட்டோ எஞ்சின்களோடு முப்பத்தைந்து வருஷம் மல்லுக்கட்டியவன் நான். டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை 2008இல் நிறுத்தினார்கள். ஆனாலும் பழையது ஒன்றிரண்டு இன்னும் லயத்து வாசல்களில் நிற்கிறது. நீ அதிலேயே தொடங்கு. வால்வு இல்லாத எஞ்சின், பழுது ஒளிக்க இடம் குறைவு.

1. ஸ்பேனரைத் தொடுமுன் ஆளைக் கேள். எங்கே நின்றது, ஏறும்போதா இறங்கும்போதா, நிற்குமுன் சத்தம் மாறியதா? ஓட்டுகிறவன் காது நம் காதைவிடக் கூர்மை. வாய் கொஞ்சம் சுற்றி வளைக்கும், பொறுத்துக்கொள்.

2. பிறகு பிளக். கோப்பி நிறமென்றால் நல்லது. வெளுத்திருந்தால் எஞ்சின் சூட்டில் வெந்திருக்கிறது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோலோ ஒயிலோ கூடிவிட்டது. வெயிலில் வைத்துப் பார். கராஜ் பல்ப் வெளிச்சத்தில் எல்லாப் பிளக்கும் கறுப்புதான்.

3. பிஸ்டன் பிடித்துவிட்டதென்றால் புதிதைப் போட்டுக் காசு வாங்க அவசரப்படாதே. எரிந்த பிஸ்டன் சாட்சிக்காரன் மாதிரி, அதை விசாரி. நான் விசாரிக்காமல் விட்ட கதை ஒன்று உண்டு. தோட்டத்து ஆள் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்தார். "ஒயிலில் மிச்சம் பிடித்தால் இப்படித்தான்" என்று, வெள்ளைச் சட்டையோடு பின்சீட்டில் இருந்த மகளுக்கு முன்னாலேயே அவரைத் திட்டினேன். சிலிண்டரை போர் பண்ணி, பிஸ்டன் மாற்றி அனுப்பினேன். நாலாம் நாள் அதே கயிறு, அதே வண்டி. அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து இருமல் மருந்துப் போத்தலின் மூடியை எடுத்து மேசையில் வைத்தார். லீற்றருக்கு 20 மில்லி என்று அதில்தான் அளந்து ஊற்றியிருக்கிறார். எக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் கத்துகிறது என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அது என் காதில் ஏறவில்லை. மேக்னெட் பக்கத்து ஒயில் சீல் கிழிந்து காற்றை உறிஞ்சியிருக்கிறது. காற்று கூடினால் பெற்றோல் கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும். சின்ன ரப்பர் வளையம், மகனே. இரண்டாவது வேலைக்குக் கூலி வாங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னால் பேசியதை எப்படித் திருப்பி எடுப்பது?

4. இங்கிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் இறங்குகிறவர்கள் பெற்றோல் மிச்சமென்று எக்ஸிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே விடுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒயில் பெற்றோலோடுதான் உள்ளே போகும். பெற்றோலை நிறுத்தினால் ஒயிலும் நின்றது. சக்கரமோ எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இடையிடையே கொஞ்சம் முறுக்கிவிடச் சொல். அதட்டாமல் சொல், நீயும் ஒரு நாள் அப்படி இறங்குவாய்.

5. கனடாவில் இருக்கும் உன் சின்னமாமா பனியில் ஓடும் ஸ்னோமொபைல் பழுதுபார்க்கிறான். அதிலும் டூ ஸ்ட்ரோக் நிறைய. உரசிப்போன பிஸ்டன் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினான்; நம் மேசையில் கிடப்பதுதானோ என்று நினைத்தேன். குளிர்காற்று அடர்த்தியானது, அதற்கேற்றபடி பெற்றோல் கூடாவிட்டால் பனிக்கு நடுவிலும் எஞ்சின் வெந்துபோகும். இங்கே நேர்மாறு. 6,000 அடிக்கு மேலே நுவரெலியாவுக்கு ஏறினால் காற்று மெலிந்து பிளக் கறுக்கும். ஆகவே வண்டி எந்த ஊரில் ஓடுகிறது என்று கேட்காமல் காபரேட்டர் ஜெட்டில் கை வைக்காதே.

6. தெரியாததைத் தெரியாதென்று சொல். ஓட்டுகிறவனுக்கு ஒரு நாள் ஓட்டம் இல்லையென்றால் அவன் வீட்டில் அன்றைக்குக் காசில்லை. அவனை நாள்கணக்கில் காக்க வைக்காதே.

வரும்போது பழைய சேட்டு ஒன்று கொண்டுவா. மேசை லாச்சியில் அந்த மருந்து மூடி இருக்கிறது. முதல் நாள் ஒயிலை அதில் அளந்து ஊற்று.