மூளை நாடியில் இரண்டு வலைகள்

சென்ற வருடம் ஒரு நாள் காலையில் எங்கள் உம்மம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலது கையைத் தூக்க முடியவில்லை. காற்றுப் பிடித்திருக்கிறது என்று எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்து, ளுஹர் வரை பார்த்திருந்தோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதைத்தான். அந்தக் கேள்வி ஏன் என்று தேடிப் படித்ததில் எழுந்ததே இக்கட்டுரை.

பாரிசவாதம் இரு வகை. ஒன்றில் மூளையின் குருதிக்கலன் வெடிக்கும். மற்றதில் குருதிக்கட்டி நாடியை அடைக்கும். கூடுதலாக ஏற்படுவது இரண்டாவது. பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் இறப்பதாக 2006இல் கணக்கிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து உண்டு. ஆனால் வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் சி.ரி. ஸ்கேன் எடுத்துக் குருதி கசியவில்லை என்று உறுதிப்படுத்தவும் வேண்டும். பெரிய கட்டியென்றால் அம்மருந்துக்கும் பல வேளைகளில் கரையாது.

அப்போது கட்டியை இழுத்தே எடுக்கிறார்கள். தொடை நாடியால் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, பெருநாடி, சிரசுநாடி வழியாக மூளைக்குக் கொண்டுசெல்வார்கள். கட்டியைத் துளைத்து அப்பால் போனதும், அதனுள்ளிருந்து ஸ்டென்ட் ரிட்ரீவர் என்ற சிறு கம்பிவலை விரியும். நிக்கலும் தைத்தேனியமும் கலந்த நிற்றினோல் என்ற உலோகத்தால் ஆனது அது. எவ்வளவு நசுக்கினாலும் விட்டதும் பழைய வடிவத்துக்கு வரும். சில நிமிடங்கள் பொறுத்தால் கட்டி வலைக்கண்களில் சிக்கிக்கொள்ளும். பிறகு உறிஞ்சியபடியே வெளியே இழுப்பார்கள். நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் செய்த ஆய்வும் வேறு நான்கு ஆய்வுகளும் 2015இல் வெளிவந்த பின்னரே இம்முறை உறுதியாக நிலைபெற்றது.

எல்லாக் கட்டியும் இதற்கு மசிவதில்லை. செங்குழியங்கள் நிறைந்த கட்டி மென்மையானது, வலைக்குள் எளிதில் புகும். பைபிரின் நிறைந்த கட்டியோ இறுகி இறப்பர்போல் இருக்கும். வலை அதனுள் புகாமல் பக்கத்தால் வழுக்கி வெறுமனே திரும்பும். நாடி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் கட்டி இரு கிளைக்கும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் இன்னும் சிரமம். ஒரு கிளையில் இழுத்தால் மறு கிளையில் அது பிடித்துக்கொள்ளும்.

இங்கேதான் இரட்டை வலை உதவுகிறது. இரு நுண்குழாய்கள் வழியாகக் கிளைக்கு ஒன்றாக இரண்டு வலைகளை விரிப்பார்கள். கட்டி நடுவில் அகப்படும். இரண்டையும் சேர்த்து இழுப்பார்கள். ஒரு விரலால் நுங்கை எடுத்துப் பாருங்கள், வழுக்கும். இரு விரலால் கிள்ளினால் வந்துவிடும். இதை வாசித்தபோது, இவ்வளவு எளிய யோசனையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூளையின் நடு நாடி சுமார் 3 மில்லிமீற்றர் அகலமே. இரு உலோக வலைகள் அதன் சுவரை உரசினால் நாடி சுருங்கலாம், கிழிந்து குருதி கசியலாம். ஆகவே பெரும்பாலும் ஒற்றை வலை பலமுறை தோற்ற பின்னரே இதற்குப் போகிறார்கள்.

எந்த வலையும் இறந்த கலத்தை எழுப்பாது. பெற்றோரே, முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெயைத் தேட வேண்டாம். 1990ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குக் கண்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று எங்கள் வீட்டில் அதற்கு விடை சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. உம்மம்மா இப்போது தஸ்பீஹை இடது கையில்தான் உருட்டுகிறா.