சாம்பிள் வேலைக்கும் கூலி உண்டு

இன்று சிறிய புடைவைக் கடைக்குக்கூட ஒரு வடிவமைப்பாளர் தேவைப்படுகிறார். பேஸ்புக் விளம்பரம், பெயர்ப்பலகை, துண்டுப்பிரசுரம், பை, பில் புத்தகம் என எல்லாவற்றிற்கும் அவருடைய கைவண்ணம் வேண்டும். ஆகவே நமது வியாபாரிகள் பலர் இத்தகைய இளைஞர்களை வேலைக்கு எடுக்கின்றனர். நேர்முகப் பரீட்சையில் பெரும்பாலும் கேட்கப்படுவது, "ஒரு சாம்பிள் செய்து தாருங்கள், பார்ப்போம்" என்பதுதான்.

இப்படிக் கேட்பதில் தவறில்லை. சான்றிதழைவிட செய்து காட்டிய வேலையே ஆளின் திறமையைச் சரியாகக் காட்டும். ஆனால் சாம்பிள் என்பது எவ்வளவு? அரிசி வியாபாரி ஒரு பிடி அரிசியைக் கையில் வைத்துக் காட்டுவார். "ஒரு மூட்டையை இலவசமாகத் தாருங்கள், சமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றால் நாம் கொடுப்போமா?

அச்சகத் தொழிலில் இருப்பதால் இத்துறைப் பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவரிடம் ஒரு நிறுவனம், பெருநாள் விற்பனைக்கான முழு விளம்பரத் தொகுதியையும் 'சோதனை' என்று கேட்டது. நான்கு இரவுகள் விழித்திருந்து செய்து கொடுத்தார். பதில் வரவில்லை. மூன்று வாரங்களின் பின் அதே விளம்பரம், நிறம் மட்டும் மாறி, அந்தக் கடை வாசலில் தொங்கியது. அதன் பிறகு அந்தக் கடையின் பெயரைச் சொன்னாலே அவருடைய நண்பர்கள் எவரும் விண்ணப்பிப்பதில்லை. நல்ல ஆட்கள் ஒருவருக்கொருவர் பேசிக் கொள்வார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேரிடம் ஆளுக்கு இரண்டு நாள் வேலை கேட்டால், இருபது நாள் உழைப்பு. அதில் ஒருவருக்கே வேலை கிடைக்கும். மற்ற ஒன்பது பேரின் பதினெட்டு நாட்களுக்கு யார் கணக்குச் சொல்வது? அவர்களில் நம் வீட்டுப் பிள்ளையும் ஒருவராக இருக்கலாம்.

2015ஆம் ஆண்டு கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள ஸூலு அல்பா கிலோ என்ற விளம்பர நிறுவனம் ஒரு குறும்படம் வெளியிட்டது. அதில் ஒருவர் உணவகத்திற்குச் சென்று, "முதலில் இலவசமாகத் தாருங்கள், பிடித்திருந்தால் தொடர்ந்து வருகிறேன்" என்கிறார். கட்டடக் கலைஞரிடமும் அப்படியே கேட்கிறார். எவரும் சம்மதிக்கவில்லை. விளம்பரத் துறையினரிடம் மட்டும் இதை எல்லோரும் துணிந்து கேட்கிறார்கள் என்பதே அப்படம் சொன்ன செய்தி.

சட்டத்தையும் நோக்குவோம். நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. ஊழியர் தமது கடமையின்போது செய்த வேலையின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிடின், முதலாளியைச் சேரும். ஆனால் விண்ணப்பதாரி நமது ஊழியரல்லர். எனவே அவர் தந்த வரைபடம் அவருடையதே. அந்த உரிமை நமக்கு மாற வேண்டுமாயின் இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். வெறும் யோசனைக்கு இச்சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை என்பது உண்மையே. அதற்காக, பிறர் யோசனையை எடுத்து நம் கடையில் போடுவது நேர்மையாகிவிடாது.

அப்படியானால் ஆளை எவ்வாறு சோதிப்பது? நான் பின்பற்றும் முறை இது:

1. முதலில் விண்ணப்பதாரி ஏற்கனவே செய்த வேலைகளைப் பாருங்கள். ஒரு வேலையை எடுத்து, "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சொந்த வேலையா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

2. சோதனை அவசியமென்றால் இறுதியாகத் தெரிவான இரண்டு, மூன்று பேருக்கு மட்டும் கொடுங்கள்.

3. ஒரு மணித்தியாலத்தில் முடியும் சிறு வேலையாக இருக்கட்டும். உங்கள் கடைக்கு உதவாத, கற்பனைக் கடை ஒன்றின் விளம்பரத்தைக் கொடுப்பது நல்லது. சந்தேகத்திற்கே இடமிராது.

4. அரை நாளோ ஒரு நாளோ எடுக்கும் வேலையென்றால், தொகையை முன்கூட்டியே பேசி, தெரிவானாலும் தெரிவாகாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

5. அந்த வேலையைப் பயன்படுத்த விரும்பினால் தனியாக விலை பேசி எழுதிக் கொள்ளுங்கள்.

6. தெரிவாகாதவர்களுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிவைச் சொல்லுங்கள்.

இரண்டு பேருக்கு அரை நாள் கூலி கொடுப்பது செலவாகத் தோன்றலாம். பொருத்தமற்ற ஒருவரை எடுத்து மூன்று மாதச் சம்பளம் கொடுத்து அனுப்புவதோடு ஒப்பிட்டால் அது அற்பம். நிறுவையில் ஒரு கிராம் குறைக்க அஞ்சும் வியாபாரி, பிறர் உழைப்பை அளக்கும்போதும் அதே தராசையே பிடிக்க வேண்டும்.