காலி டேங்கர்தானே என்று நினைக்காதீர்கள்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கேஸ் டேங்கர் லாரி யாருக்கும் புதிதல்ல. தென்மாநிலங்களில் சமையல் எரிவாயு ஏற்றி ஓடும் டேங்கர்களில் பெரும்பங்கு இந்த வட்டாரத்து உரிமையாளர்களுடையது. மங்களூரு, கொச்சி, விசாகப்பட்டினம் என்று ஓடிவிட்டு வண்டிகள் இங்கேதான் வந்து நிற்கின்றன. பழகிப்போனதால் பயமும் குறைந்துவிட்டது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் ஊறிவிட்டன.

டேங்கரின் இரு பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் பலகை ஆர்.டி.ஓ. சோதனைக்காக எழுதிவைத்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் விபத்து இடத்துக்கு முதலில் ஓடிவருபவருக்காகத்தான் அது இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கின் பெயர், ஐ.நா. எண், வகைச் சின்னம், அவசர உதவி எண், சரக்கை அனுப்பியவரின் தொலைபேசி எண் எல்லாம் அதில் தெரியும்படி இருக்க வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு எண் 1075. தீச்சுடர் படமும் கீழ் முனையில் 2 என்ற எண்ணும் உள்ள சிவப்புச் சாய்சதுரம், தீப்பற்றும் வாயு என்கிறது. இன்னொரு சிறு குறியீடு உண்டு. அது 2 என்று தொடங்கினால் தண்ணீரை மெல்லிய தூவலாக அடிக்க வேண்டும். ஆங்கில 'இ' எழுத்தில் முடிந்தால் சுற்றியுள்ள மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும். புழுதி படிந்து, பெயின்ட் உதிர்ந்து, எண் தெரியாத பலகையோடு ஒரு வண்டி ஓடுவதை நான் சின்ன விதிமீறலாக எண்ணவே மாட்டேன்.

"லோடு இறக்கியாச்சு, காலி வண்டி" என்பது அதைவிட ஆபத்தான நம்பிக்கை. திரவம்தான் இறங்கியிருக்கும், டேங்குக்குள் ஆவி அழுத்தத்தோடு நிற்கும். அதை முழுக்க வெளியேற்றி, தகுதியுள்ளவர் சோதித்துப் பார்க்காமல் பட்டறையில் வெல்டிங் பொறி பட விடக்கூடாது.

கசிந்த கேஸ் மேலே போய் காற்றில் கரைந்துவிடும் என்பார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சாக்கடை, பள்ளம், தாழ்வான வீடுகளைத் தேடிப் போகும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 250 லிட்டர் ஆவியாகும். 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளத்தின் கண்ணூர் அருகே சாலாவில் டேங்கர் விபத்துக்குள்ளாகி, கசிந்த கேஸ் சாலையோர வீடுகள்வரை பரவித் தீப்பற்றியது. இருபது பேர் உயிரிழந்தார்கள். கசிவு என்று தெரிந்தால் காற்று வீசும் திசைக்கு எதிராக, மேடான பக்கமாக நடந்து விலகுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். செல்போனில் படம் எடுக்க நிற்கவே நிற்காதீர்கள்.

கசியும் இடத்தில் தீ எரிந்தால் உடனே அணைத்துவிட வேண்டும் என்பதும் தவறு. வால்வை அடைக்க முடியாதபோது தீயை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் ஊருக்குள் பரவி வேறெங்கோ பற்றும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பாய்ச்சுவது முதலில் டேங்கைக் குளிர்விக்கத்தான். சூடேறிய டேங்க் வெடித்தால் துண்டுகள் வெகுதூரம் பறக்கும். அதனால்தான் டேங்க் தீயில் சிக்கினால் எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் விலகச் சொல்கிறது வட அமெரிக்க அவசரகாலக் கையேடு.

சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதைக் கோவை காட்டியது. 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து வந்த டேங்கர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் லாரியிலிருந்து கழன்று விழுந்து கசிந்தது. தண்ணீர் பீய்ச்சியபடியே போக்குவரத்தை நிறுத்தி, அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்து, மணிக்கணக்காகப் போராடி டேங்கரைத் தூக்கினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அவசரத் திட்டம் ஃபேக்டரிகளுக்கு மட்டும்தான் என்று எண்ணவேண்டாம். 1996ஆம் ஆண்டின் இரசாயன விபத்து விதிகள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழு அமைக்கச் சொல்கின்றன. ஒத்திகை ஆலை வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடக் கூடாது. டேங்கர்கள் வரிசையாக நிற்கும் சாலையோர ஊர்களிலும் அதை நடத்தட்டும். டீக்கடைக்காரரும், பஞ்சர் ஒட்டுபவரும், பள்ளிக்கூட வாத்தியாரும் அதில் நிற்கட்டும். 101, 112, சமையல் எரிவாயுக் கசிவுக்கான 1906 ஆகிய எண்களை அவர்கள்தான் முதலில் அழைக்கப் போகிறார்கள்.